கோயில் பருந்து

நேற்று வரை எங்கள் வீட்டு மாடிக் கொடியில் ஒரு நீலச் சுடிதார் தொங்கிக்கொண்டிருந்தது. காய்ந்து மொடமொடவென்று ஆகியும் எடுப்பாரில்லை. எடுத்து மடிக்க வேண்டியவள் என் மகள் ஜெனி. எடுத்தால் கோபம் தணிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன் என்பதால் அவள் எடுக்கவில்லை. நான் எடுத்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் போனாலே அதிலிருந்து அணைத் தண்ணீரின் வாசனை வந்தது. பாசியும் வண்டலும் மீனும் கலந்த வாசனை. தர்மபுரி டவுனில் பைப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. என் கதை வேறு. ஊரை விட்டு வருகிற வரை என் தலைமுடியிலேயே அந்த வாசனை இருந்தது.

நடந்தது இதுதான். ஜெனி விலங்கியல் படிக்கிறாள். பறவைகளைக் கணக்கெடுக்கப் போகிறோம் என்று கல்லூரியில் ஒரு கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை பென்னாகரத்துக்கு அந்தப்பக்கம், மேட்டூர் அணையின் பின்தண்ணீர் நிற்கிற இடத்துக்கு அழைத்துப்போனார்கள். சாயங்காலம் வந்துவிடுவேன் என்றவள் விளக்கு வைத்து வெகுநேரம் ஆகியும் வரவில்லை. அதற்குள் நான் என்னவெல்லாம் பார்த்துவிட்டேன் என்று கேட்காதீர்கள். கவிழ்ந்த பரிசல், தனியாக மிதக்கும் ஒரு செருப்பு, வாசலில் வந்து நின்று தொப்பியைக் கழற்றும் போலீஸ்காரர் வரை பார்த்தாகிவிட்டது. கதவைத் திறந்தால், ஈரச் சுடிதாரும் கலைந்த தலையுமாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“அம்மா, இன்னைக்கு என்ன பாத்தேன் தெரியுமா...”

முடிக்க விடவில்லை. அறைந்துவிட்டேன்.

பிறகுதான் விசாரித்தேன். பரிசல் கவிழவில்லை. கரையில் இறங்கும்போது கால் வழுக்கித் தண்ணீரில் இறங்கிவிட்டாள். வரும் வழியில் பஸ் பஞ்சர். அவ்வளவுதான்.

“முட்டியளவு தண்ணிம்மா,” என்றாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “முட்டியளவு.”

முழங்காலோடு நின்றுபோன சேற்றுக் கறை அதற்குச் சாட்சியாகக் கொடியில் தொங்கியது. நான் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிரம்பைத் தொடாத டீச்சர் என்று எனக்கொரு பெயர் வேறு உண்டு. அந்தப் பெயரை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, உள்ளங்கையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருப்பது போலவும் இருக்கிறது. “ரெண்டு நாள்ல சரியாப் போயிரும், உடு,” என்று என் வீட்டுக்காரர் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளில் சரியாகவில்லை.

பார்த்ததை அவள் மறுநாள் காலை அப்பாவிடம் சொன்னாள். சமையலறையில் இருக்கிற என் காதில் விழவேண்டும் என்கிற சத்தத்தில்தான் சொன்னாள். அந்தப் பறவையின் பேர் விராலடிப்பானாம். வயிறெல்லாம் வெள்ளை, முதுகு காப்பித்தூள் நிறம், கண்ணில் மை தீட்டிக் காது வரை இழுத்துவிட்டது போல ஒரு பட்டை. மீனைத் தவிர வேறெதையும் தின்னாதாம். ஐப்பசி வாக்கில் வடக்கேயிருந்து வந்து, வெயில் முற்றுவதற்குள் திரும்பிப் போய்விடுமாம். அந்தரத்தில் ஒரே இடத்தில் றெக்கையடித்துக்கொண்டு நின்று, காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழுமாம்.

தோசை கருகியது. அந்தப் பறவையை எங்கள் ஊரில் கோயில் பருந்து என்று சொல்வோம்.

கோயில் என்றால் தண்ணீருக்குள் இருந்த கோயில். அணை கட்டியபோது ஆற்றோரத்து ஊர்கள் பல மூழ்கின. எங்கள் ஜனங்கள் கும்பிட்டுக்கொண்டிருந்த மாதா கோயிலும் அதோடு போனது. என் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயில் அது. ஊரைத் தூக்கி மேட்டில் வைத்தார்கள். கோயிலைத் தூக்க முடியவில்லை. மாசி பங்குனியில் அணைத் தண்ணீர் வடியும்போது முதலில் கோபுரத்தின் தலை தெரியும். பிறகு தோள் தெரியும். ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முழுக்க அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரையேறுவது போலிருக்கும். அந்தக் கோபுரத்தின் மேல் உட்கார்ந்துதான் பருந்து மீன் தின்னும்.

தண்ணீர் வடிந்தால் எங்களுக்கு வெள்ளாமை. மேட்டு நிலத்தில் கல்தான் விளையும். அணைக்குள் இருக்கிற வண்டலில் எதைப் போட்டாலும் வரும். தண்ணீர் இறங்க இறங்க நாங்களும் பின்னாலேயே இறங்குவோம். நேற்று ஈரமாக இருந்த இடத்தில் இன்று எள், அதற்குக் கீழே நாளைக்குக் கம்பு, ஓரத்தில் வெள்ளரி. குடிசையைக் கூட அங்கேயே கட்டிக்கொள்வோம். கர்நாடகத்தில் மழை பெய்து தண்ணீர் திரும்பி ஏறுவதற்குள் அறுத்துக்கொண்டு ஓடிவிட வேண்டும். அப்பா தினமும் தண்ணீர் ஓரத்தில் ஒரு குச்சி நட்டுவைப்பார். காலையில் எழுந்ததும் பல் விளக்குவதற்கு முன்னால் குச்சியைத்தான் போய்ப் பார்ப்பார். பயந்து பயந்து வளர்ந்த குடும்பம். என்னிடம் இருப்பது அப்பாவின் குச்சிதான் என்று நினைக்கிறேன். நான் அதை ஜெனி போகிற இடமெல்லாம் நட்டுவைத்துக்கொண்டிருக்கிறேன்.

அம்மா எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். என்னை வளர்த்தது அப்பாவின் கடைசித் தங்கை, ஆரோக்கியம் அத்தை. நான் சொல்கிற அந்தத் தவக்காலத்தில் எனக்குப் பத்து வயது, அத்தைக்கு இருபதைத் தாண்டி ஒன்றோ இரண்டோ. எட்டாவது வரை படித்தவள். எங்கள் ஜனத்தில் அந்தக் காலத்தில் அது பெரிய படிப்பு. களை வெட்டும்போது பாடுவாள், திட்டும்போதும் ஏறக்குறைய அதே ராகம்தான்.

அத்தைக்கு அந்தப் பருந்து பருந்தல்ல. பரிசுத்த ஆவி.

சிரிக்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் அவள் பக்கம் நியாயம் இருந்தது. யோர்தான் ஆற்றில் இயேசு ஞானஸ்நானம் வாங்கும்போது வானத்திலிருந்து வெள்ளையாக ஒன்று இறங்கிற்று என்று கோயிலில் படிக்கிறார்கள். இங்கேயும் ஆறு. இங்கேயும் மேலேயிருந்து ஒன்று, நெஞ்சு வெளேரென்று, அந்தரத்தில் றெக்கையை விரித்து நிற்கிறது. அதுவும் முழுகிப்போன கோயிலுக்கு நேர் மேலே. அது நிற்கிறபோதெல்லாம் அத்தை களைவெட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொள்வாள்.

“சிலுவ போட்டது போதும், களையப் புடுங்கு,” என்பார் அப்பா.

“நீங்க ஒரு தடவ போட்டாத்தான் என்னங்கண்ணா? கையி தேஞ்சா போயிரும்?”

“அது புறான்னுல்ல படத்துல போட்டிருக்குது?”

“புறாவுக்கு மீன் புடிக்கத் தெரியுமா? படம் வரஞ்சவன் ஆத்தப் பாத்திருக்க மாட்டான்.”

பரிசல்காரர் மாதையன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார். அவர் மாதேஸ்வரனைக் கும்பிடுகிறவர். எங்கள் சாமிக்கு மீன் தின்கிற ஆவி ஒன்று இருப்பதில் அவருக்கு ரொம்பத் திருப்தி. “சாமின்னா அப்பிடித்தான் இருக்கோணும், பசி தெரிஞ்ச சாமி,” என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை. தவக்கால வெள்ளியில் கறி கிடையாது, மீன் உண்டு. ஆனால் எங்களிடம் மீனும் இல்லை. சிலுவைப்பாதை செபத்துக்குப் பங்குச் சாமியார் மேட்டிலிருந்து நடந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறார். வெறும் களியும் தட்டப்பயறும் எப்படிப் போடுவது என்று அத்தை கையைப் பிசைகிறாள். அப்போது பருந்து ஒரு மீனைத் தூக்கிக்கொண்டு எங்கள் எள்ளுக்காட்டுக்கு மேலே வந்தது. எங்கிருந்தோ நாலைந்து காக்கைகள் வந்து அதைத் துரத்தின. மீன் நழுவி, பொத்தென்று எள்ளுக்குள் விழுந்தது. உயிர் இருந்தது. வாலை அடித்துக்கொண்டிருந்தது.

அத்தை மண்டியிட்டேவிட்டாள்.

சாமியார் குழம்பை ருசித்துச் சாப்பிட்டார். மீன் வந்த கதையைக் கேட்டு அவருக்குப் புரையேறியது. “பரிசுத்த ஆவி மீனுக்காக எறங்கறதில்ல, ஆரோக்கியம்,” என்றார். பிறகு, கை கழுவுவதற்கு முன்னால், தான் வந்த இன்னொரு காரியத்தைச் சொன்னார். வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கற்றுக்கொடுக்கிறார்கள். எட்டாவது படித்த பெண் போதும். கன்னியாஸ்திரீகள் இருக்கிறார்கள், பயமில்லை. ஈஸ்டர் கழிந்ததும் கிளம்ப வேண்டும். அனுப்புகிறாயா?

அப்பா என்னைப் பார்த்தார். அத்தை குழம்புச் சட்டியைப் பார்த்தாள். அதில் மீன் தலை மட்டும் மிச்சம் இருந்தது. ஆவி இறங்கியது எதற்கென்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. எனக்கும் தெரிந்துவிட்டது. அன்றைக்கு நான் சாப்பிட்ட மீனை வாந்தியெடுத்தேன். வெயில் என்றார்கள்.

அப்பா சரி சொல்லிவிட்டார். அவருக்கும் ஆசை இருந்திருக்க வேண்டும், எங்கள் குடும்பத்தில் ஒருத்தியாவது குச்சி நடாத ஊரில் போய் இருக்கட்டும் என்று. அதன் பிறகு அத்தை பாடுவது குறைந்துபோனது. என் தலையை வாரும்போது வழக்கத்தைவிட மெதுவாக வாரினாள். எனக்கு அது பிடிக்கவில்லை. சீப்பைப் பிடுங்கி வீசினேன்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்துக்குச் சற்று முன்னால் ஒரு நாள் பருந்து எங்கள் கண்ணெதிரே தண்ணீரில் விழுந்தது. வழக்கமாக விழுந்த வேகத்தில் எழுந்துவிடும். அன்றைக்கு எழவில்லை. அணையில் விட்டு வளர்த்த கட்லா மீன் சில ஒரு பிள்ளை கனம் இருக்கும். அப்படி ஒன்றில் காலைப் பதித்துவிட்டது போலிருக்கிறது. றெக்கை இரண்டும் காயப்போட்ட துண்டு மாதிரி தண்ணீரின் மேல் விரிந்து கிடக்க, கழுத்து வரை உள்ளே இழுபட்டது. தலை முழுகியது. மறுபடி தெரிந்தது.

“முடிஞ்சுது போ,” என்றார் மாதையன். “அது புடிச்சா புடிச்சதுதான். நகம் பூட்டு மாதிரி மாட்டிக்கும். அதாலயே உட முடியாது. செத்த மீனு முதுகுல பருந்துக் கால் எலும்பு ஒட்டிக்கிட்டு இருந்ததா எங்கப்பன் சொல்லுவான்.”

அத்தை அதற்குள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள். கையில் களைவெட்டி. “உடு!” என்று கத்தினாள். “உட்டுட்டுப் போயிரு சாமீ! உட்டுரு!”

பரிசுத்த ஆவியை அப்படி அதட்டியவள் உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பருந்து இன்னொரு முறை முழுகியது. பிறகு தண்ணீரை அடித்து, அடித்து, மேலே வந்தது. காலில் ஒன்றுமில்லை. அந்தரத்திலேயே நாய் மாதிரி உடம்பை உதறிக்கொண்டு கோபுரத்துக்குப் பறந்தது.

“மீன் சதை பிஞ்சிருக்கும்,” என்றார் மாதையன். “அதனால பொழச்சுது.”

“இல்லீங்கண்ணா. அதுவா உட்டுது. நான் பாத்தன்.”

“நீ என்னத்தப் பாத்த? தண்ணிக்குள்ளயா பூந்து பாத்த?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மாதையன் ஆற்றிலேயே பிறந்தவர், அவருக்குத் தெரியாததா? பிடித்தால் விட முடியாது. பிடித்தது ஆழமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதை நான் நன்றாக மனதில் வாங்கிக்கொண்டேன்.

ஈஸ்டர் கழிந்தது. பென்னாகரம் பஸ் நிலையத்தில் அத்தையின் தகரப்பெட்டியைத் தர்மபுரி பஸ்ஸின் மேலே ஏற்றிக் கட்டினார்கள். தர்மபுரியில் ஒரு கன்னியாஸ்திரீ காத்திருந்து அங்கிருந்து ரயிலுக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. நான் அழவில்லை. சமர்த்தாக இருக்கிறாள் என்று அப்பாகூடச் சொன்னார். அத்தை ஏறி உட்கார்ந்ததும் நானும் பின்னாலேயே ஏறி அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

“பாப்பா, எறங்கு. வண்டி எடுக்கணும்,” என்றார் கண்டக்டர்.

நான் இறங்கவில்லை. அப்பா வந்து விரல்களைப் பிரித்தார். ஒன்றைப் பிரித்தால் இன்னொன்று மூடிக்கொண்டது. ஆளாளுக்குச் சிரிக்க ஆரம்பித்தார்கள். “பாப்பாவுக்கும் ஒரு அரை டிக்கெட் போட்டுரட்டுங்களா?” என்றார் கண்டக்டர். “உட்ரு கண்ணு,” என்றார் அப்பா. நான் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகம் வெளுத்துப்போயிருந்தது. என்னாலேயே விட முடியாது என்று எனக்கு உண்மையாகவே தோன்றியது. கடைசியில் விரல்கள் பிரிந்தனவா இல்லையா என்பது இன்று வரை ஞாபகமில்லை. அத்தை எழுந்து நின்றது மட்டும் ஞாபகமிருக்கிறது.

“பொட்டிய எறக்குங்க,” என்றாள்.

கண்டக்டர் திட்டிக்கொண்டே ஏணியில் ஏறினார். பஸ் போனது. “வெயிலு ஏறுது, வாங்கண்ணா, கம்பு கெடக்குது,” என்று பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு அவள்தான் முன்னால் நடந்தாள்.

அந்தப் பெட்டியில் என் பாவாடை சட்டைகள் இருந்தன, பிறகு என் பாடப்புத்தகங்கள். எழுபதுகளில் நான் டீச்சர் பயிற்சிக்குப் போனபோது அதே பெட்டியைத்தான் கொண்டுபோனேன். பஸ் ஏற்றிவிட அவள் வந்தாள். ஜன்னல் ஓரத்தில் ஒரு கணம்கூட நிற்கவில்லை. பெட்டி ஏறியதும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். இவளுக்கு என் மேல் பாசமே இல்லையோ என்று பாதி வழி அழுதுகொண்டு போனேன். அவ்வளவுதான் என் புத்தி.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம், “இவ ஒரு வழிக்கு வரட்டும்,” என்று பதில். நான் ஒரு வழிக்கு வந்தபோது கேட்டு வர ஆளில்லை. ஜெனி பிறந்ததும் என்னோடு வந்துவிட்டாள். ஜெனிக்குத் தலைக்கு ஊற்றியது, எச்சில் சோறு தின்றது எல்லாம் அவள்தான். போன வருஷம் போய்ச் சேர்ந்தாள். ஒரே ஒரு முறை, அவள் நல்ல மனநிலையில் இருந்தபோது, “அன்னைக்கு நான் கைய உட்டிருந்தா நீங்க போயிருப்பீங்க இல்ல அத்த?” என்று கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“அட போ புள்ள. நானாத்தான் எறங்குனன்,” என்றாள்.

என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பத்து வயதுப் பிள்ளையின் கைதானே, அதற்கென்ன தெரியும், பிடித்தது மாட்டிக்கொண்டது என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

நேற்று ஜெனி சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வந்தாள். என்னோடு பேசுவதில்லை என்பதால் சொம்பை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். நான்தான் ஆரம்பித்தேன்.

“அந்தப் பருந்து புடிச்ச மீன உடாதாமே? நகம் பூட்டிக்குமாமே?”

பேசாமல் போய்விடலாமா என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. படித்த படிப்பு விடவில்லை. “யாரும்மா சொன்னா? அதெல்லாம் சும்மா கதை. பூட்டும் இல்ல ஒன்னும் இல்ல. உடணும்னா எப்ப வேணா உட்டுடும்.”

“அப்பறம் ஏன் முழுகற வரைக்கும் புடிச்சுக்கிட்டிருக்குது?”

“அதுக்கு அந்த மீனு வேணும்னு இருக்கும்,” என்றாள். “வேற என்ன?”

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றேன்.

அத்தை தண்ணீருக்குள் புகுந்து பார்க்கவில்லைதான். இருந்தும் அவள் சொன்னது சரி. அது தானாகத்தான் விட்டது. விட முடியும் என்று தெரிந்தவள், பஸ்ஸில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரிந்தே விடாமல் இருந்திருக்கிறாள். என் விரல்கள் அவளை மாட்டி இழுத்தன என்றால் குற்றத்தை விரல்கள் மேல் போட்டுவிடலாம். பத்து வயது என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். அவளுக்கு நான் வேண்டியிருந்தேன் என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? சீப்பைப் பிடுங்கி வீசிய பிள்ளை நான். நான் ஜெனியைப் பிடித்திருப்பதுகூட அப்படிப்பட்ட பிடிதான் என்று சொல்லிக்கொள்ள ஆசையாக இருக்கிறது. இல்லை. நான் பிடித்திருப்பது பயத்தில். அத்தை பிடித்த பிடியில் யாருக்கும் கன்னம் வீங்கவில்லை.

மாடிக்குப் போய் அந்தச் சுடிதாரை எடுத்தேன். மொடமொடப்பில் அது என் கையில் நிமிர்ந்தே நின்றது. கீழே கொண்டுவந்து வாளியில் நனைத்து, சோப்புப் போட்டுத் துவைத்துக்கொண்டிருந்தபோது ஜெனி படியில் வந்து நின்றாள்.

“எதுக்கு இப்ப தொவைக்கற?”

“ஞாயித்துக்கெழம மறுபடி போறீங்களாம்ல? அப்பா சொன்னாரு. வேணுமில்ல.”

அவள் இறங்கிவந்து இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகப் பிழிந்தோம். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்தபின் நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது.

கோபுரத்தைப் பற்றி அவளிடம் கேட்டேன். மேல் பாதி இடிந்து விழுந்துவிட்டதாம்; பருந்து பக்கத்தில் ஒரு பட்டமரத்தில்தான் உட்கார்ந்திருந்ததாம். மாதையனின் பரிசல் தோல் பரிசல், அந்த மாதிரி இப்போது அங்கே இல்லையாம். அணைக்குள் வெள்ளாமை யாராவது செய்கிறார்களா என்றால் அவளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. தகரப்பெட்டியை நாங்கள்தான் போன தடவை வெள்ளையடித்தபோது பழைய இரும்புக்குப் போட்டோம்.

முதல் அலசலில் வண்டல் கரைந்து தண்ணீர் காப்பி நிறத்தில் ஓடியது. இரண்டாவது அலசலில் தெளிந்துவிட்டது. முகத்தருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது.